சின்ன டிஸ்க்கில் கொள்ளாதவை

முதலில் பல்லி என்றுதான் நினைத்தோம். கணினியைப் போட்ட கையோடு பெட்டிக்குள்ளிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம் வரும். கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு மறுபடி தொடங்கும். மனைவி மேசைக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, உள்ளே பல்லி போய் முட்டையிட்டிருக்கும் என்றாள். நான் திருப்புளியை எடுத்துப் பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே எங்கள் ஊர்ச் செம்மண் தூசி சிவப்பாகப் படிந்து கிடந்தது. பல்லி இல்லை. அவள் பழைய தூரிகை ஒன்றால் தூசியைத் தட்டி எடுத்தாள். மறுபடி போட்டுப் பார்த்தால் அதே டிக், டிக்.

நாங்கள் இருப்பது உடுவிலில். இரண்டு பேரும் ஓய்வு பெற்றவர்கள். நான் விவசாயப் போதனாசிரியராக இருந்தேன். நீர்வேலிப் பக்கத்து வாழைத் தோட்டங்களில்தான் என் உத்தியோக காலம் அநேகமாகக் கழிந்தது. அவள் மனைப்பொருளியல் ஆசிரியை. தையல், சமையல், வீட்டு முகாமைத்துவம் எல்லாம் படிப்பித்தாள். ஒரே மகள், கலியாணமாகி ரொரன்ரோவில் இருக்கிறாள். கணினி மகள் படித்த காலத்தில் வாங்கியது. அவள் போன பிறகு அது எங்களுடையதாகிவிட்டது. பேத்தி பிறந்த பிறகு எங்கள் வீட்டில் அதைவிட முக்கியமான பொருள் வேறு இருக்கவில்லை. போனில் பார்த்தால் குழந்தையின் முகம் உள்ளங்கை அளவுதான். கணினியில் பார்த்தால் புதிதாக முளைத்த பல்லும் தெரியும்.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம் அது. மின்சாரம் நேரம் வைத்து வரும், நேரம் வைத்துப் போகும். பெட்டியைப் படுக்கை விரிப்பால் சுற்றி, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போனோம். மனைவி ஜன்னலோரம் இருந்து அதைப் பிள்ளையை வைத்திருப்பதுபோல மடியில் வைத்திருந்தாள். மருதனார்மடத்தில் ஏறிய ஒரு அம்மா, உள்ளே என்ன கோழியோ என்று கேட்டா.

கஸ்தூரியார் வீதியில் ஒரு மாடிக் கடை. முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி நடத்துகிறாள். விற்பதும் அவள்தான், திருத்துவதும் அவள்தான். பெட்டியைத் திறந்து மின்சாரம் கொடுத்து, காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டாள். பிறகு உடனே நிற்பாட்டிவிட்டாள்.

"அங்கிள், ஹாட் டிஸ்க் பழுதாகிக்கொண்டு வருது. இது கனநாளைக்கு நிக்காது. இனிச் சும்மா சும்மா போடாதேங்கோ" என்றாள்.

எனக்கு அந்த விஷயம் ஒன்றும் தெரியாது. அவள் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். ஹாட் டிஸ்க் என்பது உள்ளே தட்டு சுழல்கிற சாமான். பழைய இசைத்தட்டுப் பெட்டியில் ஊசி ஓடுவதுபோல, தட்டின் மேல் ஒரு சின்ன முனை ஓடித்தான் எல்லாவற்றையும் வாசிக்கிறது. அந்த முனை தடுமாறும்போது வருகிற சத்தம்தான் எங்களுடைய பல்லி. இப்போது எஸ்.எஸ்.டி என்று ஒன்று வருகிறது. அதற்குள் சுழல்கிறது, ஓடுகிறது என்று எதுவும் இல்லை. கணினி கண் மூடித் திறக்கிறதற்குள் தொடங்கிவிடும். ஆனால் கொடுக்கிற காசுக்கு இடம் குறைவு. இரண்டையும் போடுவதுதான் நல்லது என்றாள். கணினி ஓடுவதற்குச் சின்ன எஸ்.எஸ்.டி, படங்கள் வீடியோக்களைப் போட்டு வைப்பதற்குப் பெரிய ஹாட் டிஸ்க். இயலுமென்றால் அந்தப் பெரியதுக்கும் ஒரு பிரதி, அது வேறு டிஸ்க்கில்.

சொன்னாளே தவிர, கொடுப்பதற்கு அவளிடம் சாமான் இருக்கவில்லை. கப்பலில் வருகிற எல்லாம் கொழும்பில் நின்றுபோன நாட்கள் அவை. இருந்தவை இரண்டே இரண்டு. ஒன்று இருநூற்று நாற்பது ஜிபி எஸ்.எஸ்.டி, புதிது, உறை பிரிக்காதது. மற்றது ஒரு ரெராபைட் ஹாட் டிஸ்க். யாரோ கடைக்காரர் தன்னுடைய கண்காணிப்புக் கமெராப் பெட்டியிலிருந்து கழற்றி விற்றது. இரவு பகலாக ஓடிய டிஸ்க், எவ்வளவு காலம் நிற்குமென்று உத்தரவாதம் தர மாட்டேன் என்று உள்ளதைச் சொன்னாள். அந்த நாளில் இருந்த விலைக்கு எங்களால் ஒன்றைத்தான் வாங்க முடிந்தது.

எங்கள் பழைய டிஸ்க்கில் இருந்தது இருநூற்று நாற்பதைவிடக் கூட. எஸ்.எஸ்.டியை எடுத்தால் எல்லாம் கொள்ளாது. நான் பெரியதை எடுப்போமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அப்போது மனைவி ஒரு கேள்வி கேட்டாள். எது கெதியாகத் தொடங்கும்?

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. மின்சாரம் வந்ததும் ஓடிப்போய்க் கணினியைப் போடுவோம். அது மெல்ல மெல்ல எழும்பி, சுற்றிச் சுற்றி நின்று, ஒருவாறு மகளின் முகம் தெரிகிறபோது அங்கே பேத்திக்கு நித்திரை வந்துவிடும், அல்லது இங்கே மின்சாரம் போய்விடும். எத்தனையோ நாள் "அம்மம்மா" என்ற சொல்லின் முதல் பாதியோடு திரை கறுத்துப்போயிருக்கிறது. அந்த நேரத்தில் எங்களுக்குத் தேவைப்பட்டது இடம் அல்ல, வேகம். உத்தரவாதம் இல்லாத பழைய சாமானில் படங்களைப் போட்டு வைத்து அதுவும் போனால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. எஸ்.எஸ்.டியை எடுத்தோம்.

அந்தப் பழைய ஒரு ரெராபைட் டிஸ்க்கை எங்களுக்குப் பிறகு யாரோ வாங்கிக்கொண்டு போனார்களாம். இன்றைக்கும் எங்கேயாவது அது ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பற்றி நினைக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு.

கடைக்காரப் பெண் எங்களிடம் ஒரு வேலை தந்தாள். பழைய டிஸ்க் எப்போது நிற்குமென்று தெரியாது, அதனால் முக்கியமானவற்றை முதலில் பிரதி எடுக்க வேண்டும், எது முக்கியம் என்று வீட்டில் யோசித்துக்கொண்டு வந்து சொல்லுங்கோ என்றாள். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். ஆகவே எதையும் திறந்து பார்க்காமல், ஞாபகத்திலிருந்துதான் நாங்கள் தெரிவு செய்தோம். பின்னேரங்களில் மின்சாரம் போனதும் மனைவி விளக்கைக் கொளுத்திச் சாப்பாட்டு மேசையில் வைப்பாள். அதற்கு முன்னால் இருந்து, எது வேண்டும், எது வேண்டாம் என்று கதைப்போம்.

முதலாவதில் பிரச்சினை இருக்கவில்லை. இடம்பெயர்ந்தபோது எங்கள் அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. பிறகு கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருந்த சொந்தக்காரரிடம் கெஞ்சி வாங்கி ஸ்கான் பண்ணிய படங்கள் கொஞ்சம் இருந்தன. எங்கள் கலியாணப் படம் இரண்டு, மகள் சின்னதாக இருந்தபோது எடுத்தவை, என் தகப்பனார் தாயார் படங்கள். அவை அதிகம் இடம் பிடிக்காது.

அடுத்தது மகளின் கலியாண வீடியோ. நல்லூரில் மண்டபத்தில் நடந்தது. வீடியோக்காரர் முழுவதையும் பெரிய தரத்தில் தந்திருந்தார். அது மட்டுமே புதிய டிஸ்க்கில் பாதியைப் பிடித்துவிடும் போலிருந்தது. மகளிடம் கேட்டோம். ஒன்றையும் வெட்ட வேண்டாம், அதில் வந்த எத்தனை பேர் இப்போது இல்லை என்றாள். அதுவும் உண்மைதான். மாப்பிள்ளையின் தாயார் இல்லை, என் தமையன் இல்லை, மனைவியின் பெரியம்மா இல்லை. முழுவதையும் வைப்போம் என்று முடிவு செய்தோம்.

பிறகு என்னுடைய வாழைப் படங்கள். இதரை, கதலி, கப்பல் என்று ஒவ்வொரு இனத்திலும் வருகிற நோய்களை நான் வருடக்கணக்காகப் படம் எடுத்து வைத்திருந்தேன். இலை மஞ்சளாவது, தண்டு வெடிப்பது, குலை சிறுப்பது. அவற்றை விடலாம் என்று நான்தான் சொன்னேன். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. அது நான் செய்த வேலை, பின்னால் வருகிற அலுவலர்களுக்கு உதவும் என்றாள்.

மிச்சம் இருந்தது அவளுடைய தையல் வகுப்புகள். கொரோனாவுக்குப் பள்ளிக்கூடங்கள் மூடியிருந்த காலத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்த பிள்ளைகளுக்காக அவள் வீட்டிலிருந்து பதிவு செய்தவை. மகளின் பழைய கமெராவை மிசினுக்கு மேலே ஒரு கம்பில் கட்டிவிட்டு, அவள் தைத்துக் காட்டிக்கொண்டே கதைப்பாள். அந்தக் கமெரா பெரிய பெரிய கோப்பாகத்தான் எடுக்கும். சுருக்கத் தெரிந்தவர்கள் எங்கள் வீட்டில் இல்லை. மகள் அங்கிருந்து சொல்லித்தந்து, சில துண்டுகளை மாத்திரம் பிள்ளைகளின் வட்சப்புக்கு அனுப்பினோம். முழுவதும் கணினியில் கிடந்தது.

"என்ரை தையல் வகுப்புகளை விடுங்கோ" என்றாள் அவள்.

"ஏன்? எவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்தனீர்."

"அந்தப் பிள்ளையள் சோதினை எழுதி முடிச்சிட்டுதுகள். இனி ஆர் அதைப் பார்க்கப் போகினம்?"

நான் விடவில்லை. வாழைப் படங்களைக் குறைத்துவிட்டு வகுப்புகளில் நாலைந்தையாவது வைப்போம் என்றேன். அவள் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே சிரித்தாள்.

"நாள் முழுக்க வீட்டிலை நான் கதைக்கிறது உங்களுக்குக் காணாதே?"

போதாதா என்று அவள் கேட்ட விதத்துக்கு நானும் சிரித்துவிட்டேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கடைக்காரப் பெண் சொன்னபடியே செய்து தந்தாள். பழைய டிஸ்க்கை ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டுத் திருப்பித் தந்து, எறிந்துவிடாதேங்கோ, பெரிய ஹாட் டிஸ்க் வந்ததும் போன் எடுத்துச் சொல்லுகிறேன், அப்போது இதைக் கொண்டு வந்தால் மிச்சத்தையும் இழுத்துப் பார்க்கலாம் என்றாள். மனைவி அதைத் துவாயில் சுற்றி அலுமாரியில் வைத்தாள்.

புதிய டிஸ்க் போட்ட கணினி அவளை ஆச்சரியப்பட வைத்தது. ஆளியை அழுத்திவிட்டுக் கதிரையை இழுப்பதற்குள் திரை வந்துவிடும். அந்த வருடம் முழுக்க அவள் பேத்தியோடு கதைத்தாள். ஆடு, மாடு, காகம் எல்லாம் அவள் குரலில் கத்திக் காட்டத்தான் குழந்தை படித்தது. நல்ல தெரிவு செய்தோம் என்று நான் ஊரில் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்களுக்கெல்லாம் சின்னதென்றாலும் எஸ்.எஸ்.டியையே போடுங்கோ என்று புத்தி சொன்னதும் உண்டு.

அடுத்த வருடம் கடைக்காரப் பெண் போன் எடுத்தாள். பெரிய டிஸ்க்குகள் வந்திருக்கின்றன, விலையும் இறங்கிவிட்டது என்றாள். நாங்கள் அப்போது ரொரன்ரோ போகிற அவசரத்தில் இருந்தோம். மகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறக்க இருந்தது. பயணப் பெட்டிகள் கூடம் முழுக்கப் பரவிக் கிடந்தன. மனைவி ஒடியல் மாவையும் மிளகாய்த்தூளையும் பொதி கட்டிக்கொண்டிருந்தாள். வந்து பார்ப்போம் என்று நான் சொன்னேன். அவளும், ஓம், வந்து பார்ப்போம் என்றாள்.

ஆறு மாதம் அங்கே இருந்துவிட்டு வந்தோம். வந்ததும் வீடு, வளவு, பூட்டிக் கிடந்த கிணறு, குழாய் என்று ஆயிரம் வேலை. டிஸ்க்கை யாரும் நினைக்கவில்லை.

ஒரு காலை அவள் கொடியில் உடுப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் முற்றத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தேன். என்னைக் கூப்பிட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். ஈரச் சேலையின் ஒரு பக்கத்தைப் பிடித்தபடி நின்று என்னவோ சொன்னாள். சொல் சொல்லாக இல்லை. நான் "என்ன?" என்று கேட்டேன். மறுபடியும் சொன்னாள். தான் சொல்வது தனக்கே விளங்காத ஒரு முழி அவள் முகத்தில் இருந்தது. பிறகு வலது கால் மடங்கியது.

பாரிசவாதம் என்று ஆசுபத்திரியில் சொன்னார்கள். நேரத்துக்குக் கொண்டுவந்ததால் உயிருக்கு ஆபத்தில்லை. கால் மெல்ல மெல்ல வந்தது. வலது கை பாதி வந்தது. கதை மாத்திரம் வரவில்லை. நாங்கள் சொல்வது எல்லாம் அவளுக்கு விளங்குகிறது. பதில் உள்ளே இருக்கிறது, அதுவும் அவள் கண்ணில் தெரியும். வாய்க்கு வருகிறபோது அது வேறு எதுவோ ஆகிவிடும். தண்ணீர் என்று சொல்ல நினைத்துத் தலையணை என்று சொல்வாள். சொன்னது பிழை என்று தெரிந்து கண்ணை மூடிக்கொள்வாள். முப்பது வருடம் வகுப்பில் நின்று கதைத்த மனுசி.

பேச்சுப் பயிற்சி தருவதற்கு ஒரு பெண் பிள்ளை கிளினிக்கில் இருந்தா. நிதானமானவ. அவ என்னிடம் பல கேள்விகள் கேட்டா. அன்ரி வீட்டில் எப்படிக் கதைப்பா, என்ன சொற்களை அடிக்கடி சொல்வா, தேவாரம் பாடுவாவா? கடைசியாக, அன்ரி கதைத்த பதிவு ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள், அவ வழக்கமாகக் கதைக்கிற விதம் தெரிந்தால் பயிற்சியை அதற்கேற்ற மாதிரி அமைக்கலாம் என்றா.

நான் எத்தனையோ இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து கணினியில் தேடினேன். நூற்றுக்கணக்கில் வாழை இலை. மகளின் கலியாண வீடியோவைப் போட்டேன். அதில் அவள் பல இடங்களில் வருகிறாள். தாம்பாளத்தோடு போகிறாள், யாரையோ வரவேற்கிறாள், மேடைக்குக் கீழே நின்று கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்கிறாள். வாய் அசைகிறது. குரல் இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை வீடியோக்காரர் சினிமாப் பாட்டும் நாதஸ்வரமும் போட்டு ஒலியை நிரப்பியிருந்தார். ஒரு மனிதரின் குரலும் அதில் இல்லை. இறந்துபோனவர்களும் பாட்டுக்கு நடுவில் வாயை அசைத்துவிட்டுப் போகிறார்கள். டிஸ்க்கில் பாதியை அதற்குத்தான் கொடுத்திருந்தோம்.

மகள் தன் போனைத் துருவினாள். தாய்க்கு வொய்ஸ் மெசேஜ் அனுப்புகிற பழக்கம் இல்லை, எப்போதும் நேரே எடுத்துக் கதைப்பதுதான். மகள் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று. "ஓம் பிள்ளை, பிறகு எடுக்கிறன்." அவ்வளவுதான். கலியாண வீடியோவை முழுதாக வைக்கச் சொன்னது நான்தானே அப்பா என்று அவள் போனில் அழுதாள். அந்த நேரத்தில் எல்லாருக்கும் அதுதான் சரியாகப் பட்டது என்று சொன்னேன். அது உண்மைதான். உண்மை என்பதற்காக ஆறுதலாகவா இருந்தது?

அலுமாரியிலிருந்து துவாயில் சுற்றிய டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கஸ்தூரியார் வீதிக்குப் போனேன். கடைக்காரப் பெண் விஷயத்தைக் கேட்டதும் கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு உடனே அதைக் கணினியில் பூட்டிப் பார்த்தாள். டிக், டிக் என்றது. கணினி அதை ஒரு டிஸ்க் என்றே அடையாளம் காணவில்லை. தன்னால் ஆனமட்டும் பார்த்துவிட்டு, கொழும்பில் இப்படியானவற்றைத் திறந்து எடுக்கிற இடம் இருக்கிறது, அனுப்பிப் பார்ப்போம் என்றாள். அனுப்பினோம். சில கிழமைகள் போயின. ஒவ்வொரு நாளும் போனைக் கையில் வைத்திருந்தேன்.

பதில் அவளுக்குத்தான் வந்தது. உள்ளே தட்டு முழுக்கக் கீறுப்பட்டுவிட்டதாம். எடுக்க ஒன்றும் இல்லை. அதைச் சொல்ல அவள் போன் எடுக்கவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியில் உடுவிலுக்கே வந்துவிட்டாள். மனைவி வாசலில் கதிரையில் இருந்தாள். அடையாளம் கண்டு இடது கையால் அவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போகும்போது படலையடியில் நின்று என்னிடம் சொன்னாள்: "அண்டைக்கு அந்தப் பழைய பெரிய டிஸ்க்கையும் எடுங்கோ எண்டு நான் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம், அங்கிள். காசைப் பிறகு தாங்கோ எண்டு சொல்லியிருக்கலாம்."

அவள் எங்களுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னவள். பிறகு போன் எடுத்தும் சொன்னவள்.

சுகம் விசாரிக்க மனைவியின் பழைய மாணவிகள் வருவார்கள். வந்தவர்களிடம் எல்லாம் நான் அந்த வகுப்புத் துண்டுகளைப் பற்றிக் கேட்டேன். பலர் போன் மாற்றிவிட்டார்கள். சிலருடைய போன் நிறைந்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். ஒருத்தி மாத்திரம், கரவெட்டியில் கலியாணம் செய்து இருக்கிறவள், தன்னுடைய பழைய போனில் ஒன்று இருந்ததாக ஞாபகம் என்று சொல்லி அனுப்பினாள். நான் அடுத்த நாளே மோட்டார் சைக்கிளில் போனேன்.

அந்தப் பிள்ளை வீட்டு விறாந்தையில் ஒரு மிசினை வைத்துச் சட்டை தைத்துக் கொடுக்கிறாள். பழைய போனுக்கு உயிர் கொடுக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. திரை ஒரு மூலையில் உடைந்திருந்தது. பிளவுஸுக்குக் கை பொருத்துவது எப்படி என்ற பாடம். படம் மங்கலாக இருந்தது, துணியும் விரல்களும்தான் தெரிந்தன. ஆனால் குரல் தெளிவு.

"அவசரப்படக் கூடாது பிள்ளையள். தோள்மூட்டிலை இருந்து தொடங்குங்கோ. முதலிலை நூலோட்டிப் பாருங்கோ, பிழைச்சால் பிரிக்கலாம்."

பின்னால் காகம் கத்துகிறது. மிசின் ஓடுகிறது. முடிகிற இடத்தில் தூரத்தில் ஓர் ஆண் குரல், தேத்தண்ணி போடட்டோ என்று கேட்கிறது. என் குரல். உடனே அவள், "இஞ்சேருங்கோ, பதியுதப்பா. சத்தம் போடாதேங்கோ" என்கிறாள். அதற்குப் பிறகு ஒரு சிரிப்பு, அது பாதியில் அறுந்துவிடுகிறது.

அந்தப் பிள்ளை எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். வகுப்பில் எல்லாரும் அந்தக் கடைசி இடத்தைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்ப்போம், அதனால்தான் அழிக்கவில்லை என்று தயக்கத்தோடு சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். இந்தச் சாமானைத் தேடி நான் அலைந்தது அவளுக்குத் தெரியும். சந்தோஷப்படுவாள் என்று நம்பினேன். முதல் சொல் கேட்டதும் நிமிர்ந்தாள். கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டாள். வாய் மெல்ல அசைந்தது, கூடவே சொல்லிப் பார்ப்பதுபோல. சொல் வரவில்லை. குரல் அவளை விட்டுவிட்டு முன்னே போய்க்கொண்டேயிருந்தது. பிறகு இடது கையை எடுத்துப் போனின் மேல் பொத்தினாள். அந்தக் கைக்குள்ளிருந்தும் குரல் கேட்டது. நான் அவசரமாக நிற்பாட்டினேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்றைக்குப் பின்னேரம் சாப்பிடவில்லை.

பயிற்சி தருகிற பெண் கேட்டுவிட்டு, இனி அதைப் போட வேண்டாம் என்றா. சிலருக்கு அது உதவும், சிலருக்கு இழந்ததை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து காட்டியது போலாகிவிடும், அன்ரி விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள் என்றா. அந்தத் துண்டைத் தான் மாத்திரம் கேட்டு, அதில் இருக்கிற சின்னச் சின்னச் சொற்களை எடுத்துப் பயிற்சியில் சேர்த்துக்கொண்டா. இவ்வளவு தேடியும் அது உண்மையில் எனக்காகத்தான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இப்போது எங்கள் வீட்டில் நாலு ரெராபைட் ஹாட் டிஸ்க் ஒன்று இருக்கிறது. அதே அளவில் இன்னொன்று, பிரதிக்கு. கடைக்காரப் பெண்தான் பார்த்து எடுத்துத் தந்தாள். ஒன்று கணினிக்குள், மற்றது பெட்டியோடு அலுமாரியில். இடம் அளவில்லாமல் கிடக்கிறது. போடுவதற்குத்தான் அதிகம் இல்லை. தையல் வகுப்பின் அந்த ஒரு துண்டு, "ஓம் பிள்ளை, பிறகு எடுக்கிறன்" என்ற ஒரு வரி, அவள் பயிற்சி செய்கிறபோது நான் எடுக்கிற பதிவுகள். அவற்றில் அவள் ஒரு சொல்லுக்காக நிறைய நேரம் காத்திருக்கிறாள். முன்பு என்றால் அந்த நேரத்துக்குள் அயலில் நடந்த எல்லாவற்றையும் சொல்லி முடித்திருப்பாள்.

சொற்கள் வராமல் இல்லை. ஓம் வந்துவிட்டது. இல்லை என்பதும் வந்தது, இரண்டும் சில வேளை மாறிவிடும். பேத்தியின் பேர் வந்த அன்றைக்கு மகள் அங்கே வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டாள். தேவாரத்தில் முதல் அடி முழுதாக வருகிறது. பாட்டாக இருந்தால் வரும், கதையாக இருந்தால் நிற்கும், அது அப்படித்தான் என்று பயிற்சிக்காரப் பெண் சொன்னா.

அவள் மத்தியானம் நித்திரை கொள்கிறபோது நான் அறைக் கதவைச் சாத்திவிட்டு அந்தத் துண்டைக் கேட்பேன். பாடத்தை அல்ல, கடைசி இடத்தை மாத்திரம். நாற்பது வருடமாக என்னை ஏசிய குரல். ஒரு நாளில் எத்தனை தரம் ஏசியிருப்பாள், ஒன்றையும் பிடித்து வைக்கத் தோன்றவில்லை. அது முடியக்கூடிய சாமான் என்றே நான் நினைத்திருக்கவில்லை.

போன மாதம் ஒரு நாள் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் அவள் நின்றாள். ஊன்றுகோல் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. நிற்பாட்டக் கை போனது. அவள் வேண்டாம் என்பதுபோல என் தோளில் கையை வைத்தாள். முடியும்வரை நின்று கேட்டாள். சிரிப்பு அறுந்த இடத்தில் நான் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை.

"காணும்" என்றாள்.

போதும் என்பதற்கு நாங்கள் சொல்கிற அந்தச் சொல் திருத்தமாக, தடங்கல் இல்லாமல் வந்தது. நான் கணினியை நிற்பாட்டினேன். அவளுக்குக் கதிரையை இழுத்துப் போட்டேன்.

பின்னேரம் மகள் போன் எடுத்தபோது, இன்றைக்கு அம்மா புதுசாக ஏதும் சொன்னவவா என்று கேட்டாள். ஓம், ஒரு சொல் சொன்னவ என்றேன். என்ன சொல் என்று மகள் கேட்டாள். அதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், தாயிடம் போனைக் கொடுத்துவிட்டு எழும்பிப் போனேன்.